அப்பாவின் கம்பெனி

குழந்தை தானாக நம்பிக்கொண்ட ஒன்றைத் திருத்தாமல் விட்டால் அதுவும் பொய்தானா? எனக்கு இன்னும் தெரியவில்லை.

ஒரு தகராறில் என் கணவர் பிடித்துத் தள்ளிய ஆள் இறந்துபோனார். இவருக்குச் சிறைத் தண்டனை. மகளோடு ஆவடிக்கு, என் அப்பாவின் குவார்ட்டர்ஸுக்கு வந்துவிட்டேன். இங்கே சங்கு ஊதினால் எல்லா வீட்டு ஆண்களும் தொழிற்சாலைக்குக் கிளம்புவார்கள். பெரிய கேட், துப்பாக்கியோடு காவல், பாஸ் காட்டாமல் உள்ளே போகமுடியாது.

மகளுக்கு ஐந்து வயதில் முதல்முறை அவரைப் பார்க்க ரயிலில் அழைத்துப்போனேன். மனு எழுதிக் கொடுத்துவிட்டுச் சிறைவாசலில் காத்திருந்தோம். மதிலையும் காவலரையும் பார்த்துவிட்டு அவளே கேட்டாள்: “அப்பா கம்பெனி தாத்தா கம்பெனிய விடப் பெருசாம்மா?”

“ஆமாம்” என்றேன். யோசிக்கக்கூட இல்லை.

இரண்டு கம்பிவலைகளுக்கு அப்பால் வெள்ளை உடையில் நின்றார். எல்லோரும் கத்திப் பேசினார்கள். இவளும் கத்தினாள்: “அப்பா! ஓவர்டைமா?”

அவர் என்னைப் பார்த்தார். பிறகு, “ஆமாடா கண்ணு, சூப்பர்வைசர் ரொம்ப மோசம்” என்றார். பக்கத்தில் நின்ற காவலரே சிரித்துவிட்டார். கைதான பிறகு என் கணவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

இந்த ஜூனில் ஒன்றாம் வகுப்பு. யாராவது கேலியாகச் சொல்லி அவளுக்குத் தெரியக்கூடாது, நானே சொல்லிவிட வேண்டும் என்று தினமும் நினைப்பேன். குளிக்கும்போது சொல்லிப் பார்ப்பேன். சிறை என்பதா, ஜெயில் என்பதா? சாப்பாட்டுக்கு முன்பா, பிறகா?

போன வாரம் துணி உலர்த்தப் பின்பக்கம் போனேன். சுவருக்கு அந்தப் பக்கம் மகளும் எதிர்வீட்டுச் சிறுமியும் சொப்பு விளையாடிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெண்ணோடு பழகி இவள் பேச்சும் அப்படியே ஆகிவிட்டது.

“இன்னாடி, உங்கப்பா ஜெயில்ல கீறாராமே?”

“தெரியும், கத்தாத. எங்கம்மா கம்பெனின்னு சொல்லிகினு கீது. எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா அழுவும்.”

“அழுவுமா? அம்மாம் பெரிய பொம்பள!”

“நீ பாத்ததில்ல. மூக்கெல்லாம் செவந்துடும். சரி, கொழம்பு ஊத்து.”

ஈரத் துணியோடு உள்ளே வந்துவிட்டேன். எப்போதிலிருந்து தெரியும், யார் சொன்னது, எதையும் கேட்கவில்லை.

நேற்று மறுபடியும் போனோம். வழக்கம்போல “ஓவர்டைமா?” என்று கத்தினாள். கத்திவிட்டு அவரைப் பார்க்கவில்லை. திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். நான் சிரித்தேன். வேறென்ன செய்ய?

திரும்பும்போது ரயிலில் என் மடியில் தூங்கிவிட்டாள். உனக்குத் தெரியும் என்பது எனக்கும் தெரியும் என்று சொன்னால் அவள் மனம் இலேசாகுமா? அல்லது அம்மாவைக் காப்பாற்ற முடியாமல் போயிற்றே என்று தவிப்பாளா? அவரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அந்தச் சிரிப்பும் போய்விடும்.

உங்களில் யாராவது இப்படி ஒரு பிள்ளையோடு பேசியிருந்தால், எப்படித் தொடங்கினீர்கள் என்று எழுதுங்கள். முதல் வாக்கியம் போதும். மீதியை நான் பார்த்துக்கொள்வேன் என்றுதான் நினைக்கிறேன்.