வியாழனின் நிலவில் அழுதவன்

அக்கா எழுதிய தொடர்கதையைப் பாதியில் நிறுத்தியவன் நான். அதையும் இன்னொருவர் பெயரில் செய்தேன்.

அப்போது தென்காசியில் இருந்தோம். எனக்குப் பதினொரு வயது. கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த அக்கா மாதம் ஒரு கையெழுத்துப் பத்திரிகை நடத்தினாள். ஒரே பிரதிதான். நான் அதை வீடு வீடாகக் கொண்டுபோவேன். கடைசித் தாளில் வாசகர் கருத்துகளோடு திரும்பி வரும். அவளுடைய கதை வியாழனின் நிலவு ஒன்றில் நடந்தது. குற்றாலத்து மெயினருவி தலைகீழாகப் பாய்வதுபோல அங்கே மலைகள் நெருப்பை மேல்நோக்கிக் கொட்டின. விண்கலத்தில் ஓர் அக்காவும் தம்பியும். தம்பி பயந்து அழுதான்.

தெருவுக்கு அது போதும். "ஏலே, நெலாவுல அழுதவன் வாராம்லே" என்று பிள்ளைகள் கத்தினார்கள். சலூன்கார அண்ணாச்சிகூட, "அங்கன ரொம்பச் சுடுதோ?" என்று விசாரித்தார்.

அடுத்த இதழை அறிவியல் வாத்தியார் வீட்டிலிருந்து வாங்கி வரும்போது, வழியில் உட்கார்ந்து, அவருடைய சாய்ந்த எழுத்தில் நானே எழுதினேன்: 'நிலவுகள் குளிர்ந்துபோன கற்கள். அங்கே நெருப்பு ஏது? படித்துவிட்டு எழுதவும்.'

அக்கா படித்தாள். பத்திரிகை நின்றது. கேட்டவர்களிடம், "பரீட்சை வருது" என்றாள்.

சில மாதங்களில் செய்தித்தாளில் வந்தது: வியாழனின் நிலவு ஒன்றில் எரிமலைகள் பொங்குவதை ஒரு விண்கலம் படமெடுத்திருக்கிறது. அவள் பார்ப்பதற்குள் அந்தத் தாளைச் சட்டைக்குள் செருகிக் கொண்டுபோய் அருவித் தண்ணீரில் விட்டேன். அன்றிலிருந்து சாரல் தொடங்கினாலே எனக்கு இருப்புக் கொள்வதில்லை.

போன ஆடியில், வீரகேரளம்புதூரில் இருக்கும் அவளிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். கைப்பேசியில் அந்த நிலவைக் காட்டினேன். பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"நீ எழுதுனதுன்னு அன்னைக்கே தெரியும்லே. வாத்தியாரு பச்ச மையிலல்லா எழுதுவாரு."

"பொறவு ஏன் நிறுத்துன?"

"அவரு எழுதியிருந்தா சண்டைக்குப் போயிருப்பேன். நீயே வேண்டாம்னுட்ட. யாருக்கு எழுத?" கைப்பேசியை நீட்டினாள். "அடுத்த மாசக் கதையில அந்தப் பயதான் கப்பலக் காப்பாத்துதான்."

அழுகிறவன் கதை முடியும்வரை அழுதுகொண்டேதான் இருப்பான் என்று பதினொரு வயதில் நினைத்திருந்தேன்.

முடித்துத் தரச் சொல்லி ஒரு நோட்டு வாங்கிக் கொடுத்தேன். வாங்கி வைத்தாள். பத்து நாள்கூடப் பொறுக்காமல் மறுபடி பஸ் ஏறினேன். நோட்டைப் புரட்டினேன், எல்லாப் பக்கமும் வெறுமை. கடைசித் தாளில் மட்டும் கோடு போட்டு, 'வாசகர் கருத்து' என்று எழுதியிருந்தாள். நோட்டுக்குள்ளே ஒரு பச்சைப் பேனாவையும் வைத்திருந்தாள்.