கையெழுத்துப் போட்டால்தான் சாவி

வீட்டுவண்டி வாங்குகிறவர்கள், பணம் கட்டி முடித்ததும் சாவி கைக்கு வந்துவிடும் என்று நினைத்துக்கொண்டு வருவார்கள். பாவம், அவர்களுக்குப் பட்டியல்காரரைத் தெரியாது.

பெற்றோர் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருக்கத்தான் செய்தது. ஆனால் வீட்டுவண்டி விற்பனை நிலையத்தின் ஒப்படைப்புப் பிரிவில் பத்தொன்பது வருடம் இருந்ததில் அது தேய்ந்து காணாமல் போய், பட்டியல்காரர் என்பதே நிலைத்துவிட்டது. கையில் ஓர் அட்டை, அட்டையில் கிளிப், கிளிப்பில் நூற்றுப் பதினான்கு வரிப் பட்டியல், காதில் பேனா. படுக்கை, அடுப்பு, குளியலறை எல்லாம் உள்ளேயே அடங்கிய அந்த வண்டியை வாங்க வருகிறவரை அதன் படியருகே நிறுத்தி, ஒவ்வொரு வரியாகப் படித்து விளக்குவார். பிறகு அவர்களையே செய்யச் சொல்வார். சரியாகச் செய்தால் ஒரு டிக். தப்பாகச் செய்தால் அந்தப் பக்கம் முழுவதும் திரும்ப ஆரம்பத்திலிருந்து.

அறுபத்து மூன்றாவது வரிதான் எமன். கழிப்பறைக் கழிவுப் பெட்டியைக் கழற்றி, தூக்கிக்கொண்டு போய், கொட்டிக் கழுவி, திரும்ப மாட்ட வேண்டும். காலிப் பெட்டியைத்தான் கொடுப்பார், ஆனால் முகம் சுளிக்கக் கூடாது. வங்கி அதிகாரி ஒருவர் நான்கு தடவை சுளித்துவிட்டு, "எனக்கு வண்டியே வேணாம் சார், ஆள விடுங்க" என்று கும்பிட்டுவிட்டுப் போனார். மறுநாள், வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று பழகிவிட்டு வந்து பாஸ் செய்தார்.

கடைசிப் பக்கத்தில் ஒரு கட்டம் உண்டு. வண்டியில் சின்னச் சின்னக் குறை இருந்தால் அதில் எழுத வேண்டும். கீழே 'குறை தெரிந்தே பெற்றுக்கொண்டேன்' என்று அச்சிட்டிருக்கும், அதில் வாங்குகிறவர் கையெழுத்து. மற்ற இடங்களில் அந்தக் கட்டம் சுத்தமாகக் காலியாக இருக்கும். இவர் விடமாட்டார். "கொறையில்லாத வண்டின்னு ஒண்ணு கெடையாது சார். தெரிஞ்சு வாங்கினா பின்னாடி சண்டை வராது" என்பார்.

வீட்டிலும் இதே கூத்துதான். மகளுக்குக் கல்யாணமாகி மருமகன் அழைத்துப்போக வந்த அன்று, அந்தப் பிள்ளையைக் கூடத்தில் நிற்கவைத்து முக்கால் மணி நேரம் விளக்கினார். "காலைல எழுந்து அரை மணி நேரம் பேசமாட்டா. பழுதுன்னு நெனச்சிடாதீங்க. சூடாக நேரம் எடுக்கும், அவ்வளவுதான்." மருமகன் தலையாட்டினான். உடனே அட்டையை நீட்டிவிட்டார். 'குறை தெரிந்தே பெற்றுக்கொண்டேன்.' அவனும் மாமனாருக்குப் பயந்து கையெழுத்துப் போட்டான். மகள் இரண்டு மாதம் அப்பாவுடன் பேசவில்லை. பேசுவாளா பின்னே?

இப்படி நாலாயிரத்துச் சொச்சம் பேரை ஊர் சுற்ற அனுப்பிவைத்த மனிதர், ஒரு நாள்கூட அந்த வண்டியில் எங்கேயும் போனதில்லை.

அவர் மனைவியின் கதை இன்னும் மோசம். பஸ் நிலையத்து டிக்கெட் கவுண்டரில் இருபத்தேழு வருடம் உட்கார்ந்திருந்தவள். எந்த ஊரின் பேரைச் சொன்னாலும் கட்டணத்தைச் சொல்வாள். அந்த ஊர் எப்படி இருக்கும் என்று கேட்டால் விழிப்பாள். வருடா வருடம் அவரிடம் கேட்டுப் பார்ப்பாள், "ஒரு வாரம் ஒரு வண்டிய எடுத்துட்டுப் போய்ட்டு வரலாமாங்க?" வருடா வருடம் ஒரு சாக்குச் சொல்வார். இந்த மாடலில் பம்ப் சத்தம் போடுகிறது, அடுத்தது வரட்டும். அடுத்தது வரும். அதில் பிரிட்ஜ் கதவு சரியில்லை, அடுத்தது வரட்டும்.

உண்மை வேறு. அவருக்குப் பயம். ஒப்படைப்பு மேசையில் ஒரு போன் இருக்கிறது. வண்டி கேட்டைத் தாண்டிய இருபதாவது நிமிடம் அது அடிக்கும். "சார், தண்ணி வரல." "பம்ப் சுவிட்சப் போடுங்க" என்பார். வழியில் யாருக்கு என்ன ஆனாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். சரி, அவரே வண்டியில் போய், அவருக்கே தண்ணீர் வராவிட்டால் அவர் யாரைக் கூப்பிடுவது? கட்டின மனைவியிடம்கூட இதைச் சொன்னதில்லை.

அன்றைக்கு மேனேஜர் கொடுத்த சீட்டில் 'இரண்டு மணி, ஒப்படைப்பு, பெண்மணி' என்று மட்டும் இருந்தது. இரண்டு மணிக்குத் தோளில் ஒரு பையும் கையில் ஒரு பையுமாக வந்து நின்றது அவர் மனைவி.

"என்ன, சாப்பாட்டு டப்பாவ மறந்துட்டேனா?" என்றார்.

"வண்டி எடுக்க வந்திருக்கேன்."

"எந்த வண்டி?"

அவள் கையைக் காட்டினாள். நீலக் கோடு போட்ட வெள்ளை வண்டி. காலையில் அவரே தேய்த்துத் துடைத்து நிறுத்தியது.

"ரிட்டயர்மென்ட் பணம் வந்துச்சுல்ல, அதுல வாங்கினேன். உங்க மேனேஜர்கிட்ட பேசி உங்களுக்கு முப்பது நாள் லீவும் போட்டாச்சு. உங்க துணி, மாத்திரை எல்லாம் இந்தப் பையில இருக்கு. அஞ்சு மணிக்கு கேட்டைச் சாத்திடுவாங்களாமே, அதுக்குள்ள நான் கெளம்பறேன். நீங்க வந்தா ரெண்டு பேரு. வரலேன்னா நான் ஒருத்தி."

"உனக்கு ஓட்டத் தெரியாதே!"

"ஆறு மாசமா சாயங்காலம் பாட்டு கிளாஸ் போறேன்னு சொன்னேன்ல? அது இதுதான். ஒரு நாளாவது ஒரு பாட்டப் பாடிக் காட்டுன்னு கேட்டீங்களா நீங்க?"

வேறு ஆளாக இருந்தால் ஆகாயத்துக்கும் பூமிக்கும் குதித்திருப்பான். இவர் காதிலிருந்த பேனாவை எடுத்தார். பட்டியல் இருக்கிறதே! பாஸ் ஆகாமல் யாருக்கும் சாவி கிடையாது. மனைவியானாலும் சட்டம் சட்டம்தான்.

"வாங்க மேடம்" என்றார். "ஒண்ணாவது வரி."

பக்கத்து ஷெட்டில் ஒரு வண்டிக்கு அடியில் படுத்திருந்த மெக்கானிக், பத்தொன்பது வருடமாக அவரோடு பழகியவர், 'மேடம்' என்ற சத்தம் கேட்டு வெளியே தலையை நீட்டிப் பார்த்துவிட்டு, வேலையைப் போட்டது போட்டபடி ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

எப்படியாவது அவளை ஃபெயில் ஆக்கிவிடுவது என்று பட்டியல்காரர் கங்கணம் கட்டிக்கொண்டுதான் ஆரம்பித்தார். ஆனால் ஞாயிற்றுக்கிழமை தோறும் அடுக்களை வாசலில் நின்று பட்டியலை ஒப்பித்துப் பார்க்கிற வழக்கம் அவருக்கு உண்டு. பத்தொன்பது வருடமும் அதைக் கேட்டுக்கொண்டே காய் நறுக்கியவள் அவள். அவர் பாதி வரி படிப்பதற்குள் மீதியை அவளே சொன்னாள். கேஸ் வால்வைத் திருகினாள், பேட்டரியை மாற்றிப் போட்டாள், வெயில் மறைப்புத் துணியை விரித்துச் சுருட்டினாள். இருபத்திரண்டாவது வரியில், "அதுக்கு முன்னாடி படிய உள்ள தள்ளணும், அத விட்டுட்டீங்க" என்று அவரையே திருத்தினாள். மெக்கானிக் கைதட்டினார். பட்டியல்காரர் முறைத்தார்.

அறுபத்து மூன்று வந்தது. கழிவுப் பெட்டியை உருவி, இடுப்பில் வைத்துக்கொண்டு போய், கொட்டிக் கழுவி மாட்டிவிட்டு வந்தாள். முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. போதாததற்குச் சிரித்தாள்.

"முப்பது வருஷம் உங்க சட்டைக் காலரத் தொவச்சவ. இது என்ன பெருசு?"

அவர் வரிசையை விட்டுக் கடைசிப் பக்கத்துக்குத் தாவி, கடைசி ஆயுதத்தை எடுத்தார். வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து, குனிந்து, முட்டி போட்டு, குறைகளாகப் பொறுக்கினார். பம்ப் சத்தம். இடது ஜன்னல் கொக்கி தளர்ச்சி. அலமாரிக் கதவு கிறீச்சிடுகிறது. வைப்பர் ஒரு இழுப்புக்கு ஒரு தரம் தயங்குகிறது. இப்படி ஏழு. ஒவ்வொன்றையும் கட்டத்தில் எழுதி அவள் மூக்கின் முன்னால் நீட்டினார். அவள் படித்தாள், ஒவ்வொன்றுக்கும் எதிரே கையெழுத்தைப் போட்டாள்.

"தெரிஞ்சே வாங்கறேன்" என்றாள் ஏழு தடவையும்.

எண்பத்தெட்டாவது வரி படுக்கை. "ரெண்டு பேரு தாராளமா படுக்கலாம் மேடம்" என்று வழக்கம்போலப் படித்தார்.

"நீங்க படுத்துப் பாத்திருக்கீங்களா?"

இல்லை. ஒரு தடவைகூட இல்லை. அவள் படுக்கையைக் கையால் காட்டினாள். அவர் ஷூவைக் கழற்றிவிட்டு, அட்டையை மார்பில் வைத்துக்கொண்டு படுத்தார். தலைக்கு மேல் கூரையில் சின்னக் கண்ணாடி ஜன்னல். அதில் வானம் ஒரு துண்டு, மேகம் அதன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. நாலாயிரம் பேரிடம் இந்த வரியைச் சொல்லியிருக்கிறார், இந்தக் கண்ணாடி இவ்வளவு நன்றாக இருக்கும் என்று ஒருவரிடமும் சொன்னதில்லை. அவருக்குக் கொஞ்சம் அழுகை வந்தது. எழுந்து டிக் போட்டார்.

நூற்றுப் பதினான்காவது வரிக்கு வரும்போது மணி நாலே முக்கால். 'பயணம் செய்வோர் எண்ணிக்கை.'

"அத நீங்களே எழுதுங்க" என்றாள்.

பேனா அந்த இடத்திலேயே நின்றது. வாழ்நாளில் முதல் தடவையாகக் கேட்டுவிட்டார். "வழியில தண்ணி வரலேன்னா என்ன பண்றது?"

"பம்ப் சுவிட்சப் போடுவேன்."

"அப்பவும் வரலேன்னா?"

"கடையில ஒரு பாட்டில் வாங்கிக்குவோம்."

பத்தொன்பது வருடத்தில் இந்தப் பதில் அவருக்குத் தோன்றியதே இல்லை. எழுதினார். இரண்டு. அந்த இரண்டின் பக்கத்தில் ஒரு டிக். சாவியைக் கொடுத்தார். அவள் ஓட்டுநர் இருக்கையில் ஏறி பெல்ட்டைப் போட்டாள். அவருடைய பை, அட்டை, போன், மணிபர்ஸ் எல்லாம் முன் அலமாரிக்குப் போயின. "பிரிட்ஜ் கதவச் சாத்தியிருக்கான்னு ஒரு தரம் பாத்துட்டு வந்து முன்னாடி உக்காந்துக்கறேன்" என்று அவர் உள்ளே பின்பக்கம் போனார். வண்டி மெல்ல நகர்ந்து கேட்டருகே வந்து நின்றது.

இங்கேதான் பழக்கம் அவரைக் கவிழ்த்தது. கேட்டில் வண்டி நின்றால் பட்டியல்காரர் செய்கிற காரியங்கள் மூன்று. பக்கக் கதவைத் திறந்து இறங்கி அதை அழுத்திச் சாத்துவார். 'போகலாம்' என்பதற்கு அடையாளமாக வண்டியின் உடம்பில் இரண்டு தட்டுத் தட்டுவார். பிறகு கையை உயர்த்தி ஆட்டுவார். மூன்றையும் ஒழுங்காகச் செய்தார். வாங்குகிறவர்கள் செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. ஒருமுறை ஒரு ஆள் திரும்பிக் கைகாட்டப் போய்த் தூணில் இடித்ததிலிருந்து, 'கேட்டைத் தாண்டும்போது தூணை மட்டும் பார்க்கவும், என்னைப் பார்க்க வேண்டாம்' என்பது நூற்றுப் பன்னிரண்டாவது வரி. அவளும் அதை ஒழுங்காகச் செய்தாள்.

நீலக் கோடு தெருமுனையில் திரும்பி மறைகிறவரை பட்டியல்காரர் சிரித்த முகமாகக் கையாட்டிக்கொண்டே இருந்தார். நல்ல ஒப்படைப்பு, எல்லா டிக்கும் விழுந்துவிட்டது என்று ஒரு திருப்தி. பிறகு கை மட்டும் மேலேயே நின்றுவிட்டது.

"அண்ணே" என்றார் மெக்கானிக் பின்னாலிருந்து. "நீங்க போகலயா?"

அவர் பேயறைந்த மாதிரி திரும்பினார். போன் வண்டியில் இருந்தது. அவள் எண்ணோ அந்தப் போனுக்குள் இருந்தது, மனப்பாடம் இல்லை. பட்டியல் மனப்பாடம், பெண்டாட்டி எண் இல்லை! தெருவில் நூறடி ஓடிப் பார்த்துவிட்டு, மூச்சு வாங்கத் திரும்பி வந்து, ஒப்படைப்பு மேசையில் உட்கார்ந்து போனையே பார்த்தார். அவள் வேண்டுமென்றே விட்டுவிட்டுப் போயிருப்பாளோ? போயிருந்தாலும் அவளைக் குற்றம் சொல்ல முடியுமா? பத்தொன்பது வருடம் இழுத்தடித்தவருக்கு வேறென்ன கிடைக்கும்? அவருடைய வாழ்க்கையில் அவ்வளவு நீளமான இருபது நிமிடம் வந்ததே இல்லை.

சரியாக இருபதாவது நிமிடம் போன் அடித்தது.

"வணக்கம், ஒப்படைப்புப் பிரிவு" என்றது அவர் வாய், தன் பாட்டுக்கு.

"நான் இப்பதான் வண்டி எடுத்தேன்" என்றாள். "பட்டியல்ல ரெண்டு பேருன்னு டிக் போட்டிருக்கீங்க. வண்டியில ஒண்ணு கொறையுது."

விதிமுறை தெரிந்தவராயிற்றே. "விடுபட்ட பொருள எங்க செலவுல, இருக்கற எடத்துக்கே கொண்டாந்து தருவோம், மேடம். எங்க இருக்கீங்க?"

பட்டறையில் இழுவை வண்டி ஒன்றுதான் கையில் இருந்தது. பழுதான வண்டிகளைக் கட்டி இழுத்துவருகிற அந்தப் பூதத்தில், பட்டியல்காரரை ஏற்றி, எட்டு கிலோமீட்டர் தள்ளியிருந்த பெட்ரோல் பங்க்குக்குக் கொண்டுபோனார் மெக்கானிக். அங்கே நீலக் கோட்டு வண்டியின் படியில் அவள் உட்கார்ந்திருந்தாள். மடியில் அட்டை.

"கதவு சாத்துற சத்தம் கேட்டுச்சு. உள்ளதான் இருக்கீங்கன்னு நெனச்சு நாலு கிலோமீட்டர் தனியாப் பேசிட்டு வந்தேன். பதில் வரல. சரி, வீட்டுல மாதிரிதானேன்னு மேல நாலு கிலோமீட்டர் பேசினேன்" என்றாள். பிறகு மெக்கானிக்கைப் பார்த்து, "பொருள்ல சேதாரம் ஏதாவது உண்டா?"

"வழி முழுக்க மொனகிக்கிட்டே வந்துச்சுங்க. மத்தபடி ஓடுது."

அவள் எழுந்து பட்டியல்காரரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். முட்டியைத் தட்டிப் பார்த்தாள். சட்டைக் காலரைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு கடைசிப் பக்கத்துக் கட்டத்தில், ஏழு குறைகளுக்குக் கீழே எழுதினாள். அவர் எட்டிப் பார்த்தார். '8. கணவர். முழங்காலில் சத்தம். ஒரு விஷயம் மண்டையில் ஏறப் பத்தொன்பது வருடம் ஆகும். கேட்டைக் கண்டால் இறங்கிவிடுவார்.' எதிரே கையெழுத்து.

"ஏழு நாளைக்குள்ள திருப்பிக் கொடுக்கலாம் மேடம்" என்றார் அவர். "அப்படி ஒரு வசதி இருக்கு."

"வேணாம்" என்றாள். "பழகின மாடல்."

அவர் ஏறினார். படியை உள்ளே தள்ளினார். பெல்ட்டை மாட்டி, மாட்டியதை இழுத்துப் பார்த்து, அவளும் இழுத்துப் பார்த்தபின் வண்டி புறப்பட்டது. பின்னால் மெக்கானிக் நின்று, இடுப்பளவுக்கு, ஈ ஓட்டுகிற மாதிரி கையை ஆட்டினார். பட்டியல்காரரால் பொறுக்க முடியவில்லை. ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக் கத்தினார்.

"மேல தூக்குப்பா கைய! போறவங்களுக்குத் தெரிய வேணாமா?"