பதினொரு மணிக்குள் நூற்று நாற்பது

கார்லா நிஸ்கனெனிடம் ஒன்பது வருஷமாக யாரும் சமைக்கச் சொல்லவில்லை. சர்ச்சில் விருந்து என்றால் பெண்கள் ஆளுக்கொரு பதார்த்தம் எழுதிக் கொடுப்பார்கள். பட்டியல் இவளிடம் வரும்போது யாராவது முந்திக்கொண்டு, "கார்லா, நீ பேப்பர் தட்டு கொண்டு வந்துடேன்" என்பார்கள். குரலில் அன்பு இருக்கும். அதுதான் அவளுக்கு அதிகம் வலிக்கும்.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் கோடைக்கால விருந்துக்கு அவள் கோழி வாட்டியிருந்தாள். இருபத்து மூன்று பேர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு விழுந்தார்கள். டெல்மர் கிழவர் ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். யாரும் வாய்விட்டுத் திட்டவில்லை. வடக்கு மினசோட்டாவில் அந்த வழக்கம் கிடையாது. அவளுடைய பாத்திரத்தைத் தாண்டிப் போனார்கள், அவ்வளவுதான். பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவளை நம்பிக் குழந்தைகளை ஏற்றிவிட்டார்கள். அவள் கையால் ஒரு வாய் தின்ன மட்டும் மாட்டேன் என்றார்கள்.

இந்தப் பிப்ரவரியில் ஸ்பர் ஏரியின் பனிக்கட்டி மேல் மீன்பிடிப் போட்டி. தீயணைப்புக் கூடத்தில் மதியச் சாப்பாடு. வருஷாவருஷம் சமைக்கும் மார்லிஸ் வழுக்கி விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டாள். கட்டிலில் கிடந்தபடி அவளே போன் செய்தாள்.

"உன்கிட்ட கறியைப் புகையில வேகவைக்கிற அந்தக் கரண்ட் பெட்டி இருக்கில்ல? பன்றித் தோள்கறி போட்டுடு. வேற ஆள் இல்ல கார்லா."

வேறு ஆள் இல்லை என்பதும் ஒரு அழைப்புதான். கார்லா சரி என்றாள்.

போட்டி சனிக்கிழமை. வெள்ளிக்கிழமையே கறியைப் புகைத்து முடித்து, மறுநாள் சூடாக்கிப் பரிமாறுவதாகத் திட்டம். வெள்ளி காலை வெளியே பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தாறு டிகிரி. குளிரால் பள்ளிக்கு விடுமுறை விட்டிருந்தார்கள். எலும்பு நீக்கி, ஊசியால் உப்புத்தண்ணீர் ஏற்றிய எட்டுத் துண்டுகளை ஏழு மணிக்கு முற்றத்தில் இருந்த பெட்டிக்குள் அடுக்கினாள். ஊசி குத்திய கறிக்குள் வெளிக்கிருமியும் கூடவே இறங்கியிருக்கும். நாலு மணி நேரத்துக்குள் நடுக்கறி நூற்று நாற்பது ஃபாரன்ஹீட்டைத் தொட்டாக வேண்டும். தொடாத கறியைத் தூக்கிப் போடவேண்டியதுதான். அந்தக் கோழிக்குப் பிறகு அவள் மனப்பாடம் செய்துகொண்ட கணக்கு இது.

பெட்டியை இருநூற்று இருபத்தைந்தில் வைத்தாள். எட்டு மணிக்கு நூற்று ஐம்பது காட்டியது. எட்டரைக்கும் அதே நூற்று ஐம்பது. புகைக்கு மரச்சில்லு போடக் கதவைத் திறந்தாள்; ஒரே மூச்சில் நூற்றுப் பன்னிரண்டுக்குச் சரிந்தது. பதறி மூடினாள்.

ஏரிப் பக்கமிருந்து காற்று நேராகப் பெட்டியின் முதுகில் அடித்துக்கொண்டிருந்தது. ஒட்டுப்பலகை இரண்டைத் தூக்கி வந்து மறைப்பு நிறுத்தினாள். தீப்பிடிக்காத வெல்டிங் போர்வையைப் பெட்டி மேல் சுற்றி, புகைத்துளையை மட்டும் திறந்து விட்டாள். உள்ளே இருந்த தண்ணீர்த் தட்டில் கொதிநீரை மாற்றினாள். கையுறையைக் கழற்றிய ஒரு நிமிஷத்தில் விரல் மரத்தது. ஒன்பது மணிக்கு நூற்று அறுபத்தெட்டு. கறிக்குள் குத்தியிருந்த தெர்மாமீட்டர் எழுபத்தொன்று காட்டியது.

"இந்தக் குளிர்ல இது ஏறாது" என்றபடி அவள் தம்பி வெர்ன் காபிக் குவளையோடு வந்தான். முற்றத்துக்கு அந்தப் பக்கம் குடியிருப்பவன். "கராஜுக்குள்ள தள்ளிக் கதவைச் சாத்து. பத்து நிமிஷத்துல சூடாயிடும்."

"புகை எங்க போகும்? வாசனையே இல்லாம ஆளைக் கொல்ற வாயு அதுல இருக்கு. சுவருக்கு அந்தப் பக்கமே வீடு."

"நீ பஸ் ஓட்டுற மாதிரியே சமைக்கிறே. ரயிலே வராத தண்டவாளத்துலயும் நின்னு ரெண்டு பக்கமும் பாத்துட்டு."

"அப்படி நின்னுதான் இருபத்தாறு வருஷமா ஒரு பிள்ளைக்கும் கீறல் படல. தள்ளு."

அவனை விலக்கிக்கொண்டு குனிந்தபோது அவள் கை எக்ஸ்டென்ஷன் வயரின் இணைப்பில் பட்டது. இந்தக் குளிரில் வயர் வெதுவெதுவென்று இருந்தது. திடுக்கிட்டாள். அவள் ஒரு வயர்தான் இழுத்திருந்தாள். இணைப்பிலிருந்து இன்னொன்று கிளம்பிப் பனிக்குள் போனது. அதைப் பிடித்து இழுத்துக்கொண்டே நடந்தாள். பனியைக் கிழித்துக்கொண்டு வயர் வெளியே வந்தது. முற்றத்தைத் தாண்டி, நேராக வெர்னுடைய பிக்கப் வண்டியின் மூக்குக்குள் போயிருந்தது.

"எஞ்சின் ஹீட்டர்" என்றான் வெர்ன், குரல் இறங்கி. "ராத்திரியே சொருகினேன். என் பிளக் செத்துப்போச்சு. வண்டி கிளம்பணுமே..."

"என் பெட்டி வயர்லயா?"

"உன்கிட்ட சொல்லலாம்னுதான்..."

"ரெண்டு மணி நேரம் வெர்ன்! ரெண்டு மணி நேரமா என் கறியோட கரண்டை உன் வண்டி குடிச்சிட்டிருக்கு!"

அவள் இப்படிக் கத்தி அவன் கேட்டதே இல்லை. பிளக்கைப் பிடுங்கி எறிந்தாள். அவன் குவளையைப் பனியில் வைத்துவிட்டு ஓடி, வெல்டிங் இயந்திரத்துக்கு வைத்திருந்த தடித்த, குட்டையான வயரைக் கொண்டு வந்தான். இருவரும் சேர்ந்து மாற்றினார்கள்.

எண் அசைந்தது. நூற்று எழுபத்தைந்து. நூற்று எண்பத்தொன்பது. ஆனால் மணியும் ஒன்பதே முக்கால் ஆகியிருந்தது. கறி இன்னும் எண்பத்தெட்டில். எட்டும் ஒரே பெட்டியில் இருந்தால் நேரத்துக்குச் சேராது என்று அவளுக்குப் புரிந்தது. சமையலறைக்கு ஓடி, ஓவனில் இருந்த பீன்ஸ் தட்டுகளை வெளியே இழுத்துப் போட்டாள். புகைப்பெட்டியின் கதவைத் திறந்த வேகத்தில் நாலு துண்டுகளை எடுத்து ஓவனுக்கு மாற்றினாள். முழுக்கப் புகை ஏறிய கறி என்று இனி பெருமை பேச முடியாது. போகட்டும்.

அடுத்த ஒரு மணி நேரம் அவள் உட்காரவில்லை. உள்ளே, வெளியே, உள்ளே. பூட்ஸ் பனி சமையலறைத் தரையெல்லாம் உருகிக் கிடந்தது. பத்து ஐம்பதுக்கு ஓவன் துண்டுகள் நாலும் தாண்டிவிட்டன. பெட்டியில் இரண்டு நூற்று நாற்பத்திரண்டு. மூன்றாவது, சரியாக நூற்று நாற்பது. கதவோரம் இருந்த நாலாவதில் தெர்மாமீட்டர் ஊசியை ஏற்றினாள்.

நூற்று முப்பத்தொன்று.

பதினொரு மணி அடிக்கும்போது நூற்று முப்பத்திரண்டு.

"எட்டு டிகிரிதானே" என்றான் வெர்ன். "இன்னும் சாயங்காலம் வரைக்கும் வேகப்போகுது. எல்லாக் கிருமியும் செத்துடும்."

"கிருமி சாகும். அது விட்டுட்டுப் போற விஷம் சாகாது."

"யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்கு."

துண்டை வெளியே எடுத்தாள். பொன்னிறமாக, வாசனையோடு, பார்த்தால் ஒரு குறையும் சொல்ல முடியாத கறி.

"நாய்க்காவது குடு."

"நாய் என்ன பாவம் பண்ணிச்சு?"

இரண்டு பைகளில் சுற்றிக் குப்பைத்தொட்டியில் போட்டாள். வெர்ன் தலையில் கை வைத்துக்கொண்டான். மிச்ச ஏழும் சாயங்காலம் வரை வெந்து, விரல் பட்டால் பிரிகிற பதத்துக்கு வந்தன.

சனிக்கிழமை மதியம் தீயணைப்புக் கூடத்தில் பெரிய பாத்திரத்துக்குப் பின்னால் அவளே நின்றாள். வரிசை அவளைக் கண்டதும் மெதுவானது. முதல் இரண்டு பேர் ரொட்டியும் பீன்ஸும் போதும் என்று நகர்ந்தார்கள். மூன்றாவது டெல்மர் கிழவர்.

"நீயா பண்ணினே?"

"ஆமா." அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "எட்டுத் துண்டு வச்சேன். ஒண்ணு நேரத்துக்குச் சூடேறல. அதை எறிஞ்சுட்டேன். இது ஏழுதான்."

"எவ்வளவு குறைஞ்சுது?"

"எட்டு டிகிரி."

கிழவர் பாத்திரத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். கூடமே அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"அன்னிக்கும் இப்படி எறிஞ்சிருந்தியானா நான் ஐஞ்சு நாள் ஆஸ்பத்திரி ஜெல்லி தின்னிருக்க மாட்டேன்" என்று தட்டை நீட்டினார். "நிறையப் போடு."

யாரோ சிரித்தார்கள். வரிசை நகர்ந்தது. கடைசி இருபது பேருக்குக் கறி கிடைக்கவில்லை. முணுமுணுத்துக்கொண்டே பீன்ஸ் தின்றார்கள்.

கார்லாவுக்கு நிம்மதி வரவில்லை. அந்தக் கோழி விருந்து அன்றைக்கும் எல்லாரும் சிரித்துக்கொண்டேதான் வீட்டுக்குப் போனார்கள். ஞாயிறு முழுக்கப் போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். ஒரு முறை மணி அடித்தது. முதல் மணியிலேயே எடுத்தாள். யாரோ நம்பர் மாறிக் கூப்பிட்டிருந்தார்கள்.

திங்கட்கிழமை பள்ளி திறந்தது. அவளுடைய தடத்தில் முப்பத்தொரு பிள்ளைகள். பாதிக்கு மேல் போட்டிக்கு வந்து தின்றவர்கள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் கதவைத் திறந்து, ஏறுகிற முகத்தைப் பார்த்தாள். முதல் நிறுத்தத்தில் நாலு பேரும் வந்தார்கள். ஆலைத் திருப்பத்தில் இரட்டையர் சண்டை போட்டுக்கொண்டே ஏறினார்கள். கடைசி நிறுத்தமான ஏரிச் சாலையில் ஒரு சிறுமியைக் காணோம். கார்லா எஞ்சினை ஓடவிட்டுக் காத்திருந்தாள். ஒரு நிமிஷம். இரண்டு. வீட்டுக்கதவு திறந்தது. ஒரு கையில் பூட்ஸும் வாயில் டோஸ்ட்டுமாகச் சிறுமி ஓடி வந்தாள்.

"தூங்கிட்டேன்!"

"பரவாயில்ல கண்ணு, ஏறு" என்றாள் கார்லா. கதவை மூடிவிட்டு, கண்ணாடியில் எல்லாத் தலைகளையும் இன்னொரு தடவை எண்ணினாள். முப்பத்தொன்று.