பிரேசர் டவுன் நாய் அக்கா

லவினாவின் குரலுக்கும் லவினாவுக்கும் சம்பந்தமே கிடையாது. ஆள் ஒல்லி. பஸ்ஸில் ஜன்னலோரத்துக்காரர் தூங்கி அவள் தோளில் சாய்ந்தால்கூட எழுப்பத் தயங்கி, இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போகிறவள். குரல் மட்டும் யாரோ உயரமான, துணிச்சலான பெண்ணுடையது. சிவாஜிநகர் மாதா கோவில் திருவிழாவில் காணாமல் போன பிள்ளைகளைப் பற்றி மைக்கில் அறிவிப்பது வருஷா வருஷம் அவள் வேலை. "மஞ்சள் சட்டை போட்ட மூன்று வயதுப் பையன், பெயர் கேட்டால் பாபு என்று மட்டும் சொல்கிறான்" என்று அவள் சொன்னதும், பிள்ளையைக் கையில் பிடித்திருப்பவர்கள்கூடக் குனிந்து ஒருமுறை பார்த்துக்கொள்வார்கள்.

அப்படி ஒரு திருவிழாவில் அக்கா மகளைத் தொலைத்துவிட்டு அலைந்தவர் நாகேஷ். பிள்ளை கிடைத்தது. கூடவே குரலும் கிடைத்தது. பிரேசர் டவுனில் ஒரு டிரஸ்ட் நடத்தும் சமூக வானொலிக்கு அவர்தான் பொறுப்பு. மேலாளர், ஒலிப்பதிவாளர், டீ வாங்கி வருபவர் எல்லாம் அவரே. பிள்ளையை இடுப்பில் வைத்தபடியே கேட்டார்.

"மேடம், ரேடியோல பேசறீங்களா? கன்னடம், உருது எல்லாத்துக்கும் ஆள் இருக்கு. தமிழ்ல ஒரு அரை மணி நேரம் சும்னே காலியா கெடக்கு."

"எதப் பத்தி சார்?"

"மரம், பறவை, நாய், பூனை. அப்புறம் வார்டு விஷயம்."

லவினா பகலெல்லாம் ஒரு மெடிக்கல் ஷாப்பில் பில் போடுகிறவள். நாள் முழுக்க அவள் பேசும் வசனம் "சீட்டு இருக்கா?" என்பது ஒன்றுதான். வீட்டில் கணவன் ஓஸ்வால்டுக்கு டிவியில் கிரிக்கெட் ஓடும். தான் சொல்வதை ஒருவர் முழுசாகக் கேட்க வேண்டும் என்ற ஆசை அவளுக்கு இருந்ததே அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. சரி என்றுவிட்டாள். நாய் என்ற வார்த்தை காதில் விழாமலில்லை. விழாத மாதிரி இருந்துவிட்டாள்.

ஏனென்றால் லவினாவுக்கு நாய் என்றால் குலை நடுங்கும். ஒன்பது வயதில் ஒரு நாய் கெண்டைக்காலைக் கவ்வியது. தொப்புளைச் சுற்றி ஊசி போட்டார்கள். கடி மறந்துவிட்டது, ஊசி மறக்கவில்லை. வீட்டிலிருந்து ஸ்டேஷனுக்கு நடந்தால் பத்து நிமிஷம். முட்டி வலி என்று சொல்லி ஆட்டோவில்தான் வருவாள். வழியில் நாய் படுத்திருந்தால், கால் இரண்டையும் சீட்டின் மேல் தூக்கி வைத்துக்கொள்வாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்தரை மணிக்கு 'வாயில்லா ஜீவன்' ஆரம்பித்தது. மூன்று வருஷமாக ஓடுகிறது. ஸ்டேஷனின் வீச்சு காக்ஸ் டவுனைத் தாண்டினால் கரகரக்கும். சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டில் பாதி கேட்கும், பாதி ஹாரன் கேட்கும். ஊரின் மறுகோடியில் இருக்கும் எலெக்ட்ரானிக் சிட்டிக்காரர்களுக்கு இப்படி ஒரு ஸ்டேஷன் இருப்பதே தெரியாது. சமூக வானொலியில் செய்தி சொல்லக் கூடாது என்பது சட்டம். ஆகவே குப்பை வண்டி வராததைச் செய்தி என்று நாகேஷ் சொல்லமாட்டார், தகவல் என்பார். தூங்குமூஞ்சி மரத்துக் கிளை ஒயரில் சாய்ந்திருப்பதும் தகவல். தெருநாய்க்குச் சோறு வைப்பதில் இரண்டு வீட்டுக்காரர்கள் கட்டிப் புரண்டதும் தகவல்தான்.

ஷில்பா என்ற கால்நடை டாக்டர் குறிப்பு எழுதித் தருவார். லவினா அதைத் தன் பாணியில் சொல்வாள். அதில் அவள் வாரம் தவறாமல் சொல்கிற ஒன்று உண்டு. "நாய் துரத்தினால் ஓடாதீர்கள். அப்படியே நில்லுங்கள். கையைக் கட்டிக்கொள்ளுங்கள், அதன் கண்ணைப் பார்க்காதீர்கள்." அந்தக் குரலில் கேட்டால் நிற்கலாம் போலத்தான் இருக்கும். ஊரே அவளை நாய் அக்கா என்றது. அடிபட்ட நாய்க்குட்டியை அட்டைப் பெட்டியில் போட்டு அவள் வீட்டு வாசலில் வைத்துவிட்டுப் போனவர்கள்கூட உண்டு. அன்றைக்கு ஓஸ்வால்ட் வரும்வரை அவள் கதவைத் திறக்கவில்லை.

பொய் சொல்கிறோம் என்று அவளுக்கு உறுத்தாமலில்லை. ஆனால் நாய்க்குப் பயந்தவளுக்கு நாய் நிகழ்ச்சியை யார் கொடுப்பார்கள்? அந்த அரை மணி நேரம் போய்விட்டால், மறுபடி "சீட்டு இருக்கா?" மட்டும்தான் மிச்சம். அதை நினைத்தால் நாயை விடப் பெரிய பயமாக இருந்தது. ஆகவே வாயை மூடிக்கொண்டு, அதாவது வாயைத் திறந்து, காலத்தை ஓட்டினாள்.

போன ஜூலையில் ஒரு வெள்ளிக்கிழமை. வார்டில் தெருநாய்களுக்குச் சோறு வைக்க எந்த இடத்தை ஒதுக்கலாம் என்பதுதான் அன்றைய தகவல். பேசியவர்கள் எல்லாம் நாய்ப் பிரியர்கள். மூன்று வருஷமாக அவர்கள்தான் பேசுகிறார்கள். ஒருவர் தன் தெரு நாய்களின் பெயர்களைச் சொல்லி முடிக்கவே பாதி நேரம் போய்விட்டது. அடுத்து வந்த அழைப்பில் சில நொடிகள் மூச்சு மட்டும் கேட்டது.

"ஹலோ, வாயில்லா ஜீவன். யார் பேசறீங்க?"

"அக்கா... நா லட்சுமம்மா." வயசான குரல், ரகசியம் பேசுவது போல. "ரெண்டு வீட்ல சமையல் பண்றேன். இப்ப நாலு நாய் சுத்தி நிக்குது. நீங்கதான சொன்னீங்க, ஓடக் கூடாதுன்னு? ஓடல. நின்னுட்டேன். கையக் கட்டிக்கச் சொன்னீங்க, ஒரு கையில போன் இருக்குது. கண்ணப் பாக்கல. எல்லாம் பண்ணிட்டேன் அக்கா. இப்ப என்ன பண்றது?"

லவினா ஷில்பாவின் குறிப்பைப் பார்த்தாள். நில்லுங்கள் என்பதோடு அது முடிந்திருந்தது. நின்ற பிறகு என்ன என்று யாரும் எழுதவில்லை, அவளும் கேட்டதில்லை. ஓடியிருந்தால் அந்த அம்மாள் இந்நேரம் எங்காவது வாசலில் ஏறித் தப்பித்திருப்பாள். இப்போது தன் பேச்சை நம்பி நிற்கிறாள்.

"இன்னொரு கையில என்ன வெச்சிருக்கீங்க?"

"மீன் கொழம்பு. வேல செய்ற வீட்ல குடுத்தாங்க."

"அதத் தூரமா வீசிட்டு வந்துருங்கம்மா."

"வஞ்சிரம் அக்கா! எம் பையன் ஷிப்ட் முடிச்சு வந்து சாப்புடுவான்." பயத்திலும் அந்தக் குரலில் கண்டிப்பு இருந்தது. "வீசச் சொல்லாதீங்க, வேற சொல்லுங்க."

"எங்க நிக்கறீங்க?"

"உங்க ரேடியோ பில்டிங் பின்னாடி சந்துல. அய்யோ தேவரே, சாமி, கருப்பு நாய் கிட்ட வருது."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நாகேஷ் கையை விரித்தார். நேரலையில் அவர் கருவியை விட்டு எழ முடியாது. கட்டடத்தில் வேறு ஆள் கிடையாது. "நில்லுங்கம்மா, நானே வரேன்" என்று சொன்னது அந்தக் குரல்தான். உடம்பு அதன் பின்னால் ஓட வேண்டியதாயிற்று.

நாகேஷ் உடனே ஒரு பாட்டைப் போட்டிருக்க வேண்டும், தொலைபேசியைத் துண்டித்திருக்க வேண்டும். அவர் செய்தது ஜன்னலுக்கு ஓடியது. எழ முடியாது என்று கை விரித்த மனிதர்தான்! பின்பக்கச் சந்து அந்த ஜன்னலில் நன்றாகத் தெரியும். ஆகவே லட்சுமம்மாவின் போன் கேட்டதையெல்லாம் பிரேசர் டவுனும் கேட்டது.

சந்து முனையில் லவினா நின்றாள். நான்கு நாய்களும் திரும்பிப் பார்த்தன. ஓடிவிடலாம் என்றுதான் தோன்றியது. அந்த அம்மாள் குள்ளமாக, தூக்குப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு, கண்ணை இறுக மூடி, சொன்னபடி அசையாமல் நிற்பதைப் பார்த்தாள். எப்படி உள்ளே போனாள் என்பது அவளுக்கே தெரியாது. போய்ப் பக்கத்தில் நின்று லட்சுமம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வந்துட்டீங்களா அக்கா! இப்ப வெரட்டுங்க."

"எத வெரட்டறது? எனக்கே கை கால் ஒதறுது."

"என்னாது? நீங்க நாய் அக்கா ஆச்சே!"

"அது ரேடியோலம்மா. நாயின்னா எனக்கு உசுரு போயிரும். சின்ன வயசுலேந்து."

"அய்யய்யோ, அப்ப எதுக்கு வந்தீங்க?"

"நீங்க எம் பேச்ச நம்பி நின்னீங்களே."

கருப்பு நாய் ஒருமுறை குரைத்தது. "மாதாவே!" என்று லவினா போட்ட அலறல் மாதா கோவில் திருவிழாவில்கூடக் கேட்டிராத அலறல். லட்சுமம்மாவும் சேர்ந்துகொண்டாள்.

ஸ்டேஷனின் வீச்சு சின்னது என்று சொன்னேன் அல்லவா, அதில் ஒரு வசதி உண்டு. கேட்கிறவர்கள் எல்லோரும் நடந்து வருகிற தூரத்தில்தான் இருப்பார்கள். டீக்கடைக்காரர் கரண்டியோடு வந்தார். இரண்டு ஆட்டோக்காரர்கள் வந்தார்கள். மாடி வீட்டுப் பெண் ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டினாள். அதில் பாதி லவினாவின் மேல் விழுந்தது. நாய்கள் அவமானப்பட்டது போலத் திரும்பி மெதுவாகப் போய்விட்டன. வஞ்சிரத்துக்கு எந்தச் சேதமும் இல்லை.

சேதம் லவினாவுக்குத்தான். ஈரப் புடவையோடு வீட்டுக்குப் போனால் ஓஸ்வால்ட் சிரித்துச் சிரித்து இருமிக்கொண்டிருந்தான். மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்க வந்த ஒருவன் மெல்லக் குரைத்துக் காட்டினான். நாய்ப் பிரியர்களின் வாட்ஸப் குழுவில், இத்தனை நாள் நம்மை ஏமாற்றியிருக்கிறாள் என்று எழுதினார்கள். அவர்களில் இரண்டு பேர் டிரஸ்ட் கமிட்டியில் இருப்பவர்கள். வியாழக்கிழமை நாகேஷ் போன் செய்தார்.

"மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. நாளைக்கு ஒரு வாட்டி பண்ணி முடிச்சிருங்க. சமையல் நிகழ்ச்சில எடம் இருக்கு, அதுக்கு வாங்க. கமிட்டில அப்பிடித்தான் சொல்லிட்டாங்க."

"சரி சார்" என்றாள். போனை வைத்துவிட்டு அழுதாள். நாய்களைப் பற்றி இனிப் பேச முடியாதே என்று நாய்க்குப் பயந்த ஒருத்தி அழுவது வேடிக்கைதான். ஆனால் சமையலைப் பற்றி யாரும் உயிர் நடுங்க போன் செய்யமாட்டார்கள்.

வெள்ளிக்கிழமை ஐந்தரைக்கு மைக்கின் முன்னால் உட்கார்ந்தாள். ஷில்பாவின் குறிப்பை அன்று எடுத்துவரவில்லை. வணக்கம் சொல்லிவிட்டு, "போன வாரம் எல்லாரும் கேட்டிருப்பீங்க. எனக்கு நாய்னா பயம். மூணு வருஷமா மறைச்சேன். மன்னிச்சிருங்க. இன்னிக்கி எனக்குக் கடைசி நிகழ்ச்சி" என்றாள். சொல்லி முடிப்பதற்குள் போனில் விளக்கு எரிந்தது.

ஒரு நர்ஸ் பேசினாள். டியூட்டிக்குப் போகத் தெருவைக் கடக்க, யாராவது துணைக்கு வரும்வரை கேட்டுக்குள்ளேயே நிற்பாளாம். அடுத்தது காலையில் பேப்பர் போடுகிறவர். அதற்கடுத்து, தனக்கு நாய் பிடிக்கும், தன் மனைவிக்குப் பயம், அதை இத்தனை நாள் கிண்டல் செய்துவிட்டேன் என்று ஒருவர். நாய்களின் பெயரைச் சொல்ல அன்று ஒருவரும் வரவில்லை. மூன்று வருஷமாக இவர்களெல்லாம் எங்கே இருந்தார்கள்? கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள். பேச இடமில்லை, அவ்வளவுதான். நின்ற பிறகு என்ன செய்வது என்று எல்லோருமே கேட்டார்கள். ஷில்பாவே லைனில் வந்து, அதை எழுதாதது என் தப்பு, ஓரடி ஓரடியாகப் பின்னால் நகர வேண்டும், முதுகைக் காட்டக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆறு மணி தாண்டியது. அடுத்த கன்னட நிகழ்ச்சியை நாகேஷ் போடவில்லை. விளக்குகள் எரிந்துகொண்டே இருந்தன. ஹெட்போனில் அவர் குரல் வந்தது. "மேடம், அடுத்த வாரம் என்ன டாபிக்? கமிட்டிகிட்ட நா பேசிக்கறேன்."

லவினா எரிகிற விளக்குகளைக் கையால் காட்டினாள். உடனே அடுத்த அழைப்பை எடுத்தாள்.

"நான் டொமினிக் பேசறேன்மா."

டொமினிக்கைத் தெரியாதவர் அந்தப் பக்கத்தில் இல்லை. ரிடையர்டு ஹெட் கான்ஸ்டபிள். ஆறடி உயரம், அதற்கேற்ற மீசை. அவர் தெருவில் வந்தால் பெரிய ரவுடிகளே பைக்கைத் தள்ளி நிறுத்துவார்கள்.

"சொல்லுங்க சார்."

"என் வீட்லேந்து கோவில் நாலு வீடு தள்ளித்தான். நா மூணு தெரு சுத்திப் போறேன்." மீசைக்காரர் குரலைத் தாழ்த்தினார். "நடுவுல ஒரு வெள்ள நாய் இருக்குது. வாக்கிங் போறேன்னு சொல்லிருக்கேன் வீட்ல. எம் பொண்டாட்டிக்கே தெரியாது. உங்ககிட்டதான் மொதல்ல சொல்றேன். யார்கிட்டயும் சொல்லிராதீங்கம்மா."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நாகேஷ் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். லவினா சிரிக்கவில்லை. ஒருவர் தன்னை நம்பி இப்படி ஒன்றைச் சொன்னதில் அவளுக்கு மனசு நிறைந்திருந்தது. மைக்கை இன்னும் கிட்டே இழுத்துக்கொண்டாள்.

"சொல்லமாட்டேன் சார்" என்றாள், பிரேசர் டவுன் முழுக்கக் கேட்கும்படி.