சத்தியம் பண்ணாத வீடு

வளர்ந்த ஊரில் லாட்ஜ் எடுத்துத் தங்குவது எனக்குப் பழகவே இல்லை. ஓசூர் பஸ் நிலையத்து டீக்கடையில் தமிழில்தான் கேட்டேன். கடைக்காரர் என் அத்தர் வாசனையை வைத்து இந்தியில் பதில் சொன்னார். திருத்துவதற்கும் அலுப்பாக இருந்தது.

ஜித்தாவில் வணிக வழக்குகளைத் தீர்க்கும் நடுவரான ஒரு ஷேக்கிடம் அப்போது மொழிபெயர்ப்பாளனாக இருந்தேன். எண்பதுகளின் கடைசியில் ஒரு வழக்குக்காக அவரோடு இங்கே வந்தேன். மூக்கண்டப்பள்ளியில் பம்பு செய்யும் ஆறுமுகம் ஜித்தா வியாபாரி ஒருவருக்குச் சரக்கு அனுப்பியிருந்தார். பழுதானதையெல்லாம் மாற்றித் தருவதாக அவர் வாய்ப்பேச்சில் ஒப்புக்கொண்டார் என்பது வியாபாரியின் வழக்கு. சொல்லவே இல்லை என்றார் ஆறுமுகம். ஒப்பந்தப்படி ஷரீஅத் சட்டம்தான் செல்லும். தோற்றால் பட்டறையை விற்க வேண்டியதுதான்.

வியாபாரியிடம் சாட்சி இல்லை. அப்படியானால் மறுப்பவர் இறைவன் பெயரால் சத்தியம் செய்தால் போதும், வழக்கு முடிந்துவிடும். ஆறுமுகம் ஜெயித்துவிட்டார் என்றே நினைத்தேன்.

"அது நம்மால ஆவாதுங்க பாய். எங்க வூட்ல சத்தியம் பண்றதில்ல. நெசத்துக்குப் பண்ணாலும் புள்ளைங்களுக்கு ஆவாது."

சத்தியம் செய்ய மறுத்தால் தோற்றதாக வைத்துக்கொள்வார்கள் என்று எடுத்துச் சொன்னேன். "வாயால சொன்னா பத்தாதுங்களா?" என்றார்.

எங்கள் வீட்டிலும் அப்படித்தான். பள்ளியில் பேனா திருடியதாக என்மேல் பழி வந்த அன்று, "அல்லா மேல சத்தியமா எடுக்கல" என்று அழுதேன். அம்மா என் வாயைப் பொத்தினார். திருடன் என்று பெயர் வந்தாலும் வரட்டும் என்றார். ஜித்தாவிலோ தக்காளி விலைக்கும் வல்லாஹி, அல்லா மேல் சத்தியம், என்கிறார்கள்.

"உண்மை பேசுகிறவன் ஏன் பயப்படுகிறான்?" என்று கேட்டார் ஷேக்.

"எங்கள் பக்கத்தில் நல்லவர்கள்தான் பயப்படுவார்கள். என் அம்மாவும் பயப்படுவார்."

"சட்டம் உன் அம்மாவைக் கேட்கவில்லை" என்றார், கோபமில்லாமல்.

சத்தியம் செய்கிறாரா என்று ஷேக் முறைப்படி மூன்று தடவை கேட்டார். மூன்று தடவையும் அந்த மறுப்பை நானே அரபியில் சொன்னேன். தமிழில் நேர்மையாக இருந்தது அங்கே போய்ச் சேரும்போது குற்ற ஒப்புதல் ஆகிவிட்டது. தீர்ப்பைத் தமிழில் சொன்னதும் நான்தான்.

ஆறுமுகம் வாசல்வரை வந்தார். "நீங்களாச்சும் நம்புறீங்களா பாய்?"

"நம்புறேங்கண்ணா."

ஷேக் திரும்பிப் பார்த்தார். நடுவரின் ஆள் ஒரு பக்கம் சாயக்கூடாது. சாய்ந்தால் வேலை போய்விடும்.

"என்ன பேசிக்கொண்டீர்கள்?"

"வல்லாஹி, பயணம் நல்லபடியாக அமையட்டும் என்றார்."

எவ்வளவு சுலபமாக வந்துவிட்டது.