மலைமேல் உப்பளம் கண்டவர்

தங்கையா அண்ணாச்சி காலமானார் என்ற செய்தி காலை ஆறரைக்கு வந்தது. நான் நம்பவில்லை. உயிரோடு இருப்பவருக்கே ஆழ்ந்த இரங்கல் தெரிவித்த பெருமை நம் வாட்ஸப் குழுவுக்கு உண்டு. அவர் மகள் எஸ்தருக்குப் போன் போட்டேன். அழுகைதான் கேட்டது. அப்படியும் வீட்டு வாசலில் பந்தலைப் பார்த்த பிறகே நம்பினேன். என் புத்தி அப்படி. மாலையில் துறைமுகப் பக்கம் சேர்ந்து உட்காருகிற உங்கள் எல்லோருக்கும் அது தெரியும்.

அவர் உப்பளக் குடும்பத்தில் பிறந்து, கப்பலில் எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் புவியியல் வாத்தியார். பெரு நாட்டில் கப்பல் பழுதாகி நின்றபோது ஐந்து நாள் விடுப்பில் குஸ்கோ போய்வந்ததாக ஒருநாள் சொன்னார். இன்கா மன்னர்களின் பழைய தலைநகர். பதினோராயிரம் அடி உயரம். "அங்கன நாலு படி ஏறுனா, முத்துக் குளிச்சிட்டு மேல வந்தவன் மாதிரி இரைக்கும் வே" என்றார். சாந்து இல்லாமல் கல்லோடு கல் பொருத்திய சுவர்களைப் பற்றிச் சொன்னார். அவற்றின்மேல் ஸ்பெயின்காரர்கள் கட்டிய தேவாலயம் பூகம்பத்தில் இடிந்தது, அடியில் இருந்த இன்கா சுவர் அசையவில்லை என்றார். இதெல்லாம் என் புத்தகத்திலும் இருந்தது. படித்துவிட்டு அளக்கிறார் என்று முடிவு கட்டினேன்.

பிறகுதான் அந்த உப்பளம் வந்தது. "மலைச்சரிவுல படிப்படியா பாத்தி வாத்தியாரே. மேல ஒரு ஊத்து. அதுல உப்புத் தண்ணி வருது."

"கடல் இல்லாம உப்பளமா? யாருக்குக் காது குத்துதீரு?" என்றேன். எல்லோரும் சிரித்தீர்கள். அவருக்குக் 'குஸ்கோ' என்று பேர் வைத்தவன் நான்தான். டீக்கடைக்காரர்கூட அப்படியே கூப்பிட ஆரம்பித்தார். மறுநாள் அண்ணாச்சி லேசாகச் சிவந்த உப்பு ஒரு பொட்டலம் கொண்டுவந்து, "நாக்குல வச்சுப் பாரும்" என்றார். செங்கல் பொடி கலந்தால் நம் உப்புக்கும் இந்த நிறம் வரும் என்று சொல்லிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

சில மாதம் கழித்துக் கைபேசியில் தேடினேன். குஸ்கோவுக்குப் பக்கத்தில் மராஸ் என்ற ஊரில் அந்த உப்பளம் இருக்கிறது; இன்காக்களுக்கும் முந்தியது. அவரிடம் இதைச் சொன்னேனா? இல்லை. உப்பளம் உண்டு, சரி. இவர் போனாரா என்று என் சந்தேகம் அடுத்த படிக்கு ஏறியது. குஸ்கோ போகிற யாரும் பார்க்காமல் திரும்பாத இன்கா மலைநகரத்தைப் பற்றி எல்லோர் முன்னாலும் கேட்டேன்: "மச்சு பிச்சு எப்படி இருந்தது?"

"போகல."

"அவ்வளவு தூரம் போயுமா?"

"ரெண்டு நாள் தலைவலியில கட்டில்ல கெடந்தேன். மிச்ச நாளு அந்தப் பாத்தியத்தான் பாத்துக்கிட்டு நின்னேன். ஒருத்தி கல்லை வச்சு வாய்க்கால் வாயை அடைக்கா. எங்க அம்மை மண்ணை வச்சு அடைப்பா. அதை விட்டுட்டு எங்க போவ?"

நான் உங்களைப் பார்த்துக் கண்ணடித்தேன். அவர் கவனித்துவிட்டார். "மேப்புல இருக்கிறதெல்லாம் நம்புவீரு. எதிர இருக்கிறவனை நம்ப மாட்டீரு" என்றார். அதற்குப் பிறகு அவர் குஸ்கோ பேச்சை எடுக்கவே இல்லை.

அடக்கம் முடிந்த மறுநாள் எஸ்தர் நினைவு அட்டைக்கு வாசகம் எழுதிக்கொண்டிருந்தாள். "மாமா, 'குஸ்கோ கண்டவர்'னு போடணும்னு அம்மா சொல்லுதாங்க. ஒரு போட்டோகூடக் கெடைக்கல. நீங்கதான் நம்பவே மாட்டீங்களே. ஆராதனையில யாரும் சிரிச்சிரக் கூடாது. போடவா, வேண்டாமா?"

"மச்சு பிச்சுவையே பாக்காத மனுசன்..." என்று வழக்கம்போல ஆரம்பித்தேன். அப்போதுதான் உறைத்தது. பொய் சொல்லுகிறவன் மச்சு பிச்சுவை விட்டுவைப்பானா? முதல் நாளே ஏறி இறங்கியிருப்பான். தலைவலியில் கிடந்தேன் என்று சொல்லியிருக்கவே மாட்டான். உலகமே பார்க்கப் போவதை விட்டுவிட்டு, யாரோ ஒருத்தி வாய்க்கால் அடைப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்க உப்பளத்துப் பிள்ளையால்தான் முடியும். இத்தனை வருஷம் அவருக்கு எதிராக நான் பிடித்துவைத்திருந்த சாட்சி, அவர் பக்கம் போய் நின்றது.

"போடும்மா. யாராவது கேட்டா என்கிட்ட அனுப்பு" என்றேன்.

இதை அவர் இருக்கும்போது, உங்கள் முன்னால் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாதது நெஞ்சை அறுக்கிறது. இப்போது என்னிடம் இருப்பது அந்தப் பொட்டலம் மட்டும்தான். நேற்றுத்தான் பிரித்து, ஒரு கல்லை நாக்கில் வைத்தேன். என் மனைவி எட்டிப் பார்த்து, "இது நம்ம ஊரு உப்புதானே?" என்றாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது.