அண்ணாவுக்குச் சுடவே இல்லை

எங்கள் அண்ணா பெருமாள் திருவடி சேர்ந்து ஓராண்டு ஆகிறது. இந்த மலரைக் கையில் வாங்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அவருடைய ஒரே தங்கையின் வணக்கம். "நல்லதா நாலு வார்த்தை எழுதும்மா" என்று அண்ணி சொல்லியிருக்கிறார். எழுத உட்கார்ந்தால் முதலில் கோபம்தான் வருகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணா பிறந்தது பொழிச்சலூரில். பத்தாவது முடித்த வருடமே அப்பா தவறிவிட்டார். அண்ணா ஐ.டி.ஐ. படித்து, வேலைக்குப் போய், என்னை ஆசிரியர் பயிற்சிக்கு அனுப்பி, கல்யாணமும் செய்து வைத்தார். "உங்க அண்ணா மாதிரி பொறுமைசாலி உண்டா" என்று எல்லோரும் சொல்வீர்கள். அந்தப் பொறுமையை நினைத்தால்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

மறைமலைநகர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் பாதுகாப்பு மேற்பார்வையாளராக இருந்தார். காலில் ஷூ இல்லாமல் வந்தால் மேனேஜரையே உள்ளே விடமாட்டார். அப்படிப்பட்டவர், பத்து வருடச் சர்க்கரை உடம்பை வைத்துக்கொண்டு, மாதந்தோறும் நரசிம்மரின் நட்சத்திரமான சுவாதியன்று சிங்கப்பெருமாள் கோவிலில் வெறுங்காலோடு வலம் வருவார். அங்கே பெருமாள் பாறையிலேயே செதுக்கப்பட்டவர் என்பதால் மலையையே சுற்ற வேண்டும்.

அவருடைய கடைசிச் சித்திரையில் உச்சி வெயிலில் போனோம். நானும் அண்ணியும் சூடு தாங்காமல் நிழல் தேடி ஓடினோம். அண்ணா நிதானமாக நடந்து வந்தார். "எனக்குச் சுடவே இல்லம்மா. நரசிம்மர் பாத்துக்கறார்" என்றார். நானும் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். அதோடு விட்டேனா? தாம்பரத்தில் எங்கள் தெருவில் நாலு வீட்டில் பெருமையாகச் சொன்னேன். நரம்பு மரத்துப் போனதை அருள் என்று நம்பிய ஆசிரியை நான்.

உள்ளங்காலில் கொப்புளம் வந்து உடைந்ததை அண்ணா யாரிடமும் சொல்லவில்லை. மஞ்சளைக் குழைத்துப் பூசி, மேலே சாக்ஸைப் போட்டுக்கொண்டு பதினைந்து நாள் வேலைக்குப் போயிருக்கிறார். வீட்டில் நாற்றம் வந்தபோது, பரணில் எலி செத்துக் கிடக்கிறதென்று அண்ணி தேடினார். அண்ணாவும் கூடச் சேர்ந்து தேடினாராம். இதை என்னவென்று சொல்வது?

சாக்ஸ் ஒட்டிக்கொண்டு கழற்ற வராதபோதுதான் விஷயம் வெளியே வந்தது. அண்ணி தெருமுனை பி.சி.ஓ.விலிருந்து எனக்குப் போன் செய்தார். அண்ணாவைத் தாங்கி ஏற்றிய ஆட்டோக்காரர் ஏழுமலை, "இன்னா சார், காலு இப்டி கீது, வூட்ல ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?" என்று கேட்டார். டாக்டர் கேட்டதும் அதேதான். சர்க்கரை கூடிய உடம்பில் கிருமி சீக்கிரம் பரவும், புண் ஆறாது, மரத்த காலில் வலியும் தெரியாது. தினமும் பாதத்தைத் திருப்பிப் பார்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும் என்றார்.

முதலில் இரண்டு விரல்களை எடுத்தார்கள். பிறகு முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். அப்படியும் கிருமி ரத்தத்தில் கலந்து, ஐம்பத்தாறு வயதில் அண்ணா போய்விட்டார். கடைசிவரை, பார்க்க வந்தவர்களிடம் "வலியே இல்ல, நீங்க சாப்டீங்களா?" என்றுதான் கேட்டார். நல்ல மனிதர். திட்டக்கூட இப்போது அவர் இல்லை.

அவசரத்துக்கெல்லாம் ஓடி வந்த ஏழுமலைக்கும், வீட்டுக்கே வந்து கட்டு மாற்றிய நர்ஸ் ஜெபமணி அக்காவுக்கும், ரத்தம் கொடுத்த தொழிற்சாலை நண்பர் ரஹீம் பாய்க்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

ஒன்று பாக்கி இருக்கிறது. எனக்கும் சர்க்கரை வந்து மூன்று வருடமாகிறது. வீட்டுக்காரருக்குக்கூடத் தெரியாது, மாத்திரையைப் பள்ளிக்கூட மேஜையில் வைத்திருக்கிறேன். அண்ணாவை இவ்வளவு திட்டி எழுதிவிட்டு இதை மறைக்க முடியவில்லை. வலது கட்டைவிரல் ஓரத்தில் ஒரு வெடிப்பு இருக்கிறது, வலிக்கவில்லை. அச்சுக்குக் கொடுக்கும் முன் இதை அண்ணியிடம் படித்துக் காட்டிவிட்டு, அவரையும் அழைத்துக்கொண்டு டாக்டரிடம் போகிறேன்.